நாலாம் வரிசைக் குளியாள்

பெரியபட்டினம் கடற்கரையில் அந்த அலுவலகம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. வேண்டாமென்று சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் வாடைக்காற்று ஓய்ந்த மறுவாரம், கருவாடு காயப்போடும் கொட்டகை ஒன்றைக் காலி செய்து, 'சங்குக் குளிப்பு மெய்ந்நிலை அலுவலகம்' என்று எழுதிய பலகையை அதன் நெற்றியில் மாட்டினார்கள். கருவாட்டு வாடை போவதற்குள் மேசை வந்தது. மேசைக்குப் பின்னாலேயே அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

அதிகாரியின் பெயர் ராமசுப்பிரமணியன். பட்டணத்துக் கல்லூரியில் தர்க்க கணிதம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். கடலை அதற்கு முன் ரயில் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்திருக்கிறார். வந்த அன்றே ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, "சங்கு குளிக்கிறவர்கள் உயிரோடு திரும்பி வருவதற்கு இந்த ஊரில் என்ன ஏற்பாடு?" என்று கேட்டார்.

"கயித்தை மச்சான் பிடிக்கணும்ங்க" என்றார்கள் பெரியவர்கள்.

இது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. குளியாள் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறங்குவான். கயிற்றின் மறுமுனை மேலே வத்தையில், அதாவது சிறு படகில், உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கும். கீழிருந்து இரண்டு சுண்டு சுண்டினால் உடனே இழுத்தாக வேண்டும். பீடி பற்றவைக்கிறேன், முதுகைச் சொறிகிறேன் என்று இருந்தால் தீர்ந்தது. அதனால்தான் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை அங்கே உட்கார வைப்பார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். மச்சான் இல்லாதவர்கள், அப்படி மனசுள்ள வேறொருவனைப் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தார்கள். அதற்குள் அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை நின்றது. குளியாள் மணமானவர் எனில், அவரது கயிற்றை மனைவியின் சகோதரர் பிடிப்பார் என்று முதல் வரி. இது சட்டம். இதை அதிகாரி இரண்டாக உடைத்திருந்தார். குளியாள் மணமானவர் என்பதற்கு ப. கயிற்றை மனைவியின் சகோதரர் பிடிக்கிறார் என்பதற்கு க. அதற்குக் கீழே நாலு வரிசை:

ப மெய், க மெய்: சட்டம் மெய்.
ப மெய், க பொய்: சட்டம் பொய்.
ப பொய், க மெய்: சட்டம் மெய்.
ப பொய், க பொய்: சட்டம் மெய்.

சட்டம் மெய்யாக வருகிறவர்களுக்குக் கடலில் இறங்கச் சீட்டு. பொய்யாக வருகிறவர்களுக்கு இல்லை.

பதிவு நாளன்று மணமானவர்கள் மனைவியையும் கூட்டிவர வேண்டும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். ப-வுக்கு அத்தாட்சி வேண்டுமாம். அப்படித்தான் மெஹருன்னிசா, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புருஷன் வாவு முகம்மதுக்குப் பின்னால் வெயிலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மூக்கையா நின்றான். ஒன்பது வருஷமாக வாவு முகம்மதுவின் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன்தான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வாவு முகம்மது தண்ணீருக்குள் போனதும் தானும் வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொள்வான். தன்னால் முடியாமல் போகிற நேரத்துக்குள் சுண்டு வராவிட்டால் கேட்காமலே இழுத்துவிடுவான். வெற்றிலை போடுகிறவன்தான். ஆனால் கயிறு கையிலிருக்கும்போது போட மாட்டான்.

முதலில் நின்ற வாலிபனுக்குக் கல்யாணமாகவில்லை.

"உன் கயிற்றை யார் பிடிப்பார்கள்?"

"ஆருமில்லீங்க. வத்தைக் கட்டையில கட்டிப்போட்டுட்டு எறங்கிருவேன்."

"ப பொய். க பொய். சட்டம் மெய்!" என்றார் அதிகாரி. குமாஸ்தா பூமிநாதன் முத்திரை குத்தினார். மெஹருன்னிசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கயிற்றைக் கட்டையில் கட்டிவிட்டு இறங்குகிறவன் செத்துப்போவான் என்பது இந்த ஊரில் நண்டு பிடிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அடுத்தவர் சீனி முகம்மது. பக்கத்தில் பெண்டாட்டி நூர் நிஷா. நூர் நிஷாவின் அண்ணனுக்கு இரண்டு காதும் கேட்காது, வலது கை விளங்காது. சீனி முகம்மதுவுக்கு வேறொருவன் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். இந்தச் சட்டம் வந்ததால் அவனை நிறுத்திவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"மனைவியின் கூடப்பிறந்தவர்தானே?"

"கூடப்பெறந்தவருதாங்க, ஆனா கைதான்…"

"கை அட்டவணையில் இல்லை. மெய்!"

மூன்றாவதாக வந்தவர் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷமான பிறகும் அவள் தம்பி இவருக்குக் கயிறு பிடிக்கிறான். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து கையே தட்டிவிட்டார். மூன்றாம் வரிசைக்கு இந்த மாவட்டத்தில் ஆள் கிடைக்காது என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்களாம்.

அப்புறம் வாவு முகம்மது.

"உன் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள்?"

"இல்லீங்க. ஒத்தப் பிள்ளை."

"கயிறு?"

"இந்தா, இவன்தாங்க. மூக்கையா. ஒம்பது வருசமா இவன் கையிலதான் என் உசுரு."

"இவன் உன் மனைவியின் சகோதரனா?"

"மச்சான்னுதாங்க கூப்புடுறது."

"நான் கூப்பிடுவதைக் கேட்கவில்லை. ப மெய். க பொய்." அதிகாரி பூமிநாதன் பக்கம் திரும்பினார். "பொய்."

சிவப்பு மையில் விழுந்தது. அதற்கு முன்னால் சிவப்பு மையை யாரும் தொடவில்லை. சீட்டு வாங்கி ஒதுங்கி நின்ற நூர் நிஷா மெஹருன்னிசாவின் தோளைத் தொட்டு, "ஒனக்கு ஒரு அண்ணந்தம்பி இல்லாமப் போச்சேடி" என்று நிசமான வருத்தத்தோடு சொன்னாள்.

வாவு முகம்மது நகரவில்லை. சங்கு குளிப்பதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. "எசமான், சீட்டு இல்லாட்டி நாங்க என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அதிகாரி கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ரகமே இல்லை. வெகு பொறுமையாகச் சொன்னார்: "அரசாங்கத்துக்கு உன்மேல் எந்தப் பகையும் இல்லை. பலகையைப் பார். நாலு வரிசை. அதில் மூன்று வரிசைகளை அரசாங்கம் உனக்காகத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்றே ஒன்றைத்தான் மூடியிருக்கிறது. அந்த ஒன்றில் போய் நிற்பேன் என்று நீயாக அடம்பிடிக்கிறாய். உன் மனைவிக்கு ஒரு சகோதரன் பிறந்தால் நீ முதல் வரிசைக்குப் போய்விடலாம்."

"எங்க உம்மாவுக்கு அறுவத்திரெண்டு வயசுங்க" என்றாள் மெஹருன்னிசா. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நான் கால வரம்பு எதுவும் விதிக்கவில்லையே. அல்லது ப-வைப் பொய்யாக்கு. ப பொய்யானால் க எப்படியிருந்தாலும் சட்டம் மெய். தர்க்கத்தின் பெரிய கருணை இதுதான் அம்மா. இதை நினைத்து நான் கண் கலங்கியதுண்டு."

ப-வைப் பொய்யாக்குவது என்றால் என்ன என்று பூமிநாதன்தான் விளக்கினார். அவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து மனுசர், நல்ல மாதிரி. மேசைக்கடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மெதுவாக நீட்டினார். மனைவி இன்மை உறுதிப் படிவம். கீழ்க்கண்ட குளியாளுக்கு மனைவி என்று எவரும் இல்லை என இதனால் உறுதி கூறப்படுகிறது. அதன் அடியில் ஒரு கட்டம்: மேற்படி மனைவியின் இடது கைப் பெருவிரல் ரேகை.

"காயிதத்துக்குத்தானே தாயி. வீட்டுல ஆரு வந்து பாக்கப்போறா" என்றார் பூமிநாதன்.

அன்று சாயங்காலமே சதக்கத்துல்லா லெப்பையிடம் போய்க் கேட்டார்கள். பள்ளிவாசலில் தொழவைக்கிறவர் அவர். படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாயால தலாக்குச் சொல்லல. நெஞ்சுல நெனக்கல. வவுத்துப்பாட்டுக்காகக் காயிதத்துல ஒரு பொய்ய எழுதுறீக. பொய்தான் பாவம், நிக்காஹு முறியாது. அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இதுல எவன் பாவம் பெரிசுன்னு எனக்கு வெளங்கல" என்றும் சொன்னார்.

மறுநாள் மெஹருன்னிசா பெருவிரலை மையில் தோய்த்து, தான் இல்லை என்பதற்கு ரேகை வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. வீட்டுக்கு வந்து விரலை மணல் போட்டுத் தேய்த்தாள். மை போய்விட்டது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மரமரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சோறு வடித்தாள், மீன் கழுவினாள், எல்லாம் செய்தாள். யாரோ செய்கிற மாதிரி இருந்தது.

சரி, காகிதத்தில் என்னவோ எழுதிக்கொள்ளட்டும், கயிறு மூக்கையா கையில் இருக்கிறவரைக்கும் பயமில்லை என்றுதான் வாவு முகம்மது நினைத்தார். அரசாங்கம் அவ்வளவு லேசில் விட்டுவிடுமா? பதிவேட்டில் மூக்கையாவுக்கு நாகலெட்சுமி என்று ஒரு தங்கை இருப்பது எழுதப்பட்டிருந்தது. தங்கை இருந்தால் அவன் மனைவியின் சகோதரன். மனைவியின் சகோதரன் என்று ஒருவன் இருந்தால் அவன் பிடிக்க ஒரு கயிறு இருந்தாக வேண்டும். நாகலெட்சுமியின் புருஷன் திருவாடானைப் பக்கம் கிணற்றில் தூர் வாருகிறவன். தண்ணீருக்குள் இறங்குகிறவரெல்லாம் குளியாளே என்று அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். மூக்கையாவுக்கு உத்தரவு வந்தது.

மூக்கையா போன ஐந்தாம் நாள் வாவு முகம்மதுவுக்கு ஒரு கார்டு போட்டிருந்தான். கிணற்றில் மூன்று வருஷமாகத் தண்ணீரே இல்லையாம். தங்கை புருஷன் தூர் வாருவதை விட்டுவிட்டுக் கடலைக்காட்டில் களை பிடுங்குகிறாராம். இவன் அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருக்கிறானாம். தாலுகாவிலிருந்து தினம் ஒரு ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறானாம். 'மாப்ளே, கயிற்றைக் கட்டையில் கட்டிவிட்டு இறங்காதே. உன் காலில் விழுகிறேன்' என்று கடைசியில் எழுதியிருந்தது.

வேறு ஆளும் கிடைக்கவில்லை. ஊரில் கயிறு பிடிக்கத் தெரிந்த ஆண்களெல்லாம் தத்தம் மைத்துனர்களோடு கட்டப்பட்டிருந்தார்கள். வாவு முகம்மது கயிற்றைக் கட்டையில் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். மூன்றாம் நாள், கடலடிப் பாறையான பாரில் கயிறு சிக்கிக்கொண்டது. எப்படியோ அறுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். கரைக்கு வரும்போது மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் வடிந்து உறைந்திருந்தது. மெஹருன்னிசா அதை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "நாளைக்கு நான் வாரேன்" என்றாள்.

"எங்கன?"

"வத்தைக்கி."

"பொம்பளைய வத்தையில ஏத்துறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றதக் கேட்டுக்கிட்டு இருந்தா நீங்க இருக்க மாட்டீக" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பூமிநாதன் பதிவேட்டைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். மனைவி கயிறு பிடிக்கலாமா என்றால், கூடாது. பிடிப்பவர் மனைவியின் சகோதரராக இருக்க வேண்டும். ஆனால் இவள் மனைவி இல்லை. அதற்கு இவளுடைய ரேகையே இருக்கிறது. வாவு முகம்மது நாலாம் வரிசை, ப பொய். அங்கே கயிற்றை ஆள் பிடித்தாலும் ஒன்று, கட்டை பிடித்தாலும் ஒன்று. பெண் என்று ஓர் எழுத்து பலகையில் எங்குமே இல்லை. "சட்டப்படி ஒன்னும் சொல்றதுக்கில்ல தாயி. ஒன்ன ஒரு கட்டையின்னு எழுதிக்கிர்றேன்" என்றார்.

அப்படிக் கட்டையாகத்தான் அவள் கடலுக்குப் போனாள். வத்தையின் ஓரத்தில் இரண்டு கால்களையும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொள்வாள். மூக்கையாவைப் போல மூச்சைப் பிடிக்க அவளால் முடியாது. அதனால் ஓதினாள். குர்ஆனின் சின்ன அத்தியாயமான குல்ஹுவல்லா சூராவை நிதானமாக ஓதினால், ஐந்தாவது தடவை முடிவதற்குள் சுண்டு வரும். ஆறாவது வரைக்கும் பொறுக்கலாம். ஏழாவதைத் தொடங்கக் கூடாது. இதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். சங்கு எவ்வளவு கிடைத்தது என்று அவள் பார்ப்பதே இல்லை. தலை தண்ணீருக்கு மேலே வருகிறதா என்று மட்டும் பார்ப்பாள். வந்ததும் மனசுக்குள் சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டும், அதுவும் வராது. அடுத்த முக்குளிப்புக்குக் கயிற்றைச் சுருட்டுவாள்.

உப்பில் ஊறிய கயிறு உள்ளங்கையை முதலில் கிழித்தது, பிறகு காய்க்க வைத்தது. ஒரு மாதத்தில் விரல்நுனிகளில் அடுப்புச் சூடு தெரியாமல் போய்விட்டது. தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெண்டாட்டியாக இல்லாத ஒருத்தி ஒரு ஆம்பிளையோடு தனியாக வத்தையில் போகிறாள் என்று காகிதத்தை நம்புகிறவர்கள் பேசினார்கள். பெண்டாட்டி வத்தையில் ஏறினால் கடலுக்கு ஆகாது என்று காகிதத்தை நம்பாதவர்கள் பேசினார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தன. அதற்கு மேலே போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் சீனி முகம்மது மேலே வரவில்லை. சுண்டியிருக்கிறார். மச்சானுக்கு விளங்காத கையில் அது தெரியவில்லை. பக்கத்து வத்தைக்காரர்கள் கத்தியது காதிலும் விழவில்லை. அவர் உடலைக் கரையில் போட்டிருந்தபோது அதிகாரி நேரில் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்தத் துக்கத்தில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. ப மெய்யாக இருந்தது. க மெய்யாக இருந்தது. அந்தக் கடைசி நொடியிலும் சட்டம் மீறப்படவே இல்லை. காலஞ்சென்றவர் முதல் வரிசையில் இருந்தார், முதல் வரிசையிலேயே மறைந்தார். இப்படிப்பட்ட நிறைவு எல்லாருக்கும் கிடைப்பதில்லை."

நூர் நிஷாவின் அண்ணன் அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை என்னவோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். மெஹருன்னிசா நூர் நிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். தன் கைக்கு அந்த முதுகின் சூடு தெரியவில்லை என்பதை அப்போது கவனித்தாள். அதற்கு மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அதற்கப்புறம் பத்து நாளில் பூமிநாதன் படிவம் தீர்ந்து மண்டபம் ஊருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொருத்தியாக வந்து, தான் இல்லை என்று ரேகை வைத்துவிட்டுப் போனார்கள். சகோதரன் உள்ளவர்களும் வந்தார்கள். கடலில் முக்காடிட்ட தலைகள் கூடின. அதிகாரி முதலில் மகிழ்ந்துதான் போனார். பிறகு, இத்தனை பெண்கள் கடலில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்து, தானே நேரில் மெய்யறிய விசைப்படகில் கிளம்பினார். முதலில் எதிர்ப்பட்டது வாவு முகம்மதுவின் வத்தை.

அவர் வந்து சேர்ந்தபோது வாவு முகம்மது அப்போதுதான் உள்ளே போயிருந்தார். மெஹருன்னிசா சூராவை முதல் தடவை ஓதிக்கொண்டிருந்தாள். விசைப்படகு வத்தையை ஒட்டி வந்து நின்றது. பூமிநாதன் ஒரு கையில் பதிவேட்டையும் மறுகையில் மைப்பெட்டியையும் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நீ இந்தக் குளியாளுக்கு யார்?" என்றார் அதிகாரி.

"ஆருமில்லீங்க." சூரா இரண்டாவது தடவை.

"மனைவி இல்லையே?"

"இல்லீங்க. காயிதத்துல இருக்கு."

"இருக்கிறது. ஆனால் ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். இங்கேயே இன்னொரு தடவை உறுதி கூறிக் கைநாட்டு வை. பதிவேட்டில் நேரமும் போட வேண்டும்."

"கயிறு கையில இருக்குங்க. அவரு மேல வரட்டும், வச்சிர்றேன்." மூன்றாவது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கற்றவர்களுக்குச் சொல்வது போலவே கல்லாதவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நிறுத்தி நிதானமாகத் தொடங்கினார்.

"கேள் அம்மா. நீ மனைவி, அல்லது மனைவி இல்லை. மூன்றாவதாக ஒன்று உலகத்தில் கிடையாது. ஒத்துக்கொள்கிறாயா?"

நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசைந்ததை ஒத்துக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

"நல்லது. முதலில், நீ மனைவி என்று வைத்துக்கொள்வோம். மனைவி எனில் ப மெய். ப மெய் எனில் கயிற்றை உன் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். நீ பிடிக்கக் கூடாது. ஆகவே கயிற்றை விட வேண்டும்."

ஐந்தாவது முடிந்தது. கயிறு அசையவில்லை.

"இனி, நீ மனைவி இல்லை என்று வைத்துக்கொள்வோம். இல்லை எனில் அவன் உனக்கு யாருமில்லை. யாரோ ஒருவன் கயிற்றை ஒரு நிமிஷம் விடுவதில் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கைநாட்டு வைப்பதற்காக விடலாம். ஆக, மனைவி என்றாலும் கயிற்றை விட வேண்டும், மனைவி இல்லை என்றாலும் கயிற்றை விட வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே முடிவு. இதைவிடச் சுத்தமான நிரூபணத்தை நான் கல்லூரியில்கூடச் செய்ததில்லை. விடு."

ஆறாவது.

பூமிநாதன் பதிவேட்டை வத்தைப் பக்கமாக நீட்டினார். "தாயி, சட்டுனு வச்சிரு தாயி" என்று முனகினார். யாருக்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

மெஹருன்னிசா அதிகாரியையும் பார்க்கவில்லை, பூமிநாதனையும் பார்க்கவில்லை. கயிறு தண்ணீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டுக்கொடுத்திருந்த இடது காலை மட்டும் எடுத்தாள். சேலையைக் கணுக்காலோடு ஒதுக்கிக்கொண்டு, காலை எட்டி நீட்டி, பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள். பிறகு பதிவேட்டின் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். காலை எடுத்து மறுபடியும் முட்டுக்கொடுத்தாள்.

கயிறு இரண்டு தடவை சுண்டியது.

இழுத்தாள். அவளுடைய இரண்டு கையும் இழுப்பதைத் தவிர வேறெதையும் அறியாதவை போல இழுத்தன. வாவு முகம்மதுவின் தலை மேலே வந்தது. முகம் நீலம்பாரித்திருந்தது. வத்தையின் விளிம்பைப் பிடிக்கத் தெம்பில்லாமல், விளிம்பில் ஊன்றியிருந்த அவள் இடது காலைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். விரலில் இருந்த மை அவர் கன்னத்தில் அப்பியது.

அதிகாரி பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்விரல் ரேகைக்கு விதி இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை.

அப்போது மெஹருன்னிசா, ஏற்றமோ இறக்கமோ இல்லாத அதே குரலில் கேட்டாள்: "சார், ஒங்க பலகையில நாலு வரிசை இருக்கு. மெய்யின்னு இருக்கு, பொய்யின்னு இருக்கு. குளிக்கப் போனவரு மேல வந்தாரா இல்லையான்னு ஒரு கட்டம் எதுலயுமே இல்லையே சார்?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நல்ல மாணவி ஒருத்தியின் கேள்வியைக் கேட்ட வாத்தியார் முகம் எப்படி மலருமோ அப்படி மலர்ந்தது. "அருமை!" என்றார். "எழுதிக்கொள்ளும் பூமிநாதன்."

மறு வருஷம் வாடை ஓய்ந்ததும் கொட்டகை வாசலில் புதுப் பலகை நின்றது. ப, க, இவற்றோடு ம. குளியாள் மேலே வந்தார் என்பதற்கு ம. எழுத்து மூன்றானதால் வரிசை எட்டாகியிருந்தது. சட்டம் என்னவோ பழைய சட்டம்தான். எட்டில் நாலு வரிசையில் குளியாள் மேலே வரவில்லை. அந்த நாலில் மூன்றில் சட்டம் மெய். பலகையின் கீழ் மேலிடத்துப் பாராட்டுக் கடிதம் ஒன்றைச் சட்டம்போட்டு மாட்டியிருந்தார்கள். இந்தக் கடற்கரையில் சங்கு குளிப்போரில் மணமானவர் ஒருவர்கூட இல்லை என்பதும், ஆகவே சட்டம் நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதும் அதில் கண்டிருந்தன.

மெஹருன்னிசா பலகையை வாவு முகம்மதுவிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் படித்து முடித்தார். தான் கேட்டது அங்கே எழுதியிருந்தது. எழுதி என்ன? அவள் மனசில் எங்கேயோ ஓர் இடம் வலிக்க வேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அதிகாரி மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து இன்னும் பெரிய பலகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பூமிநாதன் அவள் இடது கையைப் பிடித்து, பெருவிரலை மையில் தோய்த்து, இந்த வருஷத்து இன்மைப் படிவத்தில் உருட்டினார். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் ஒரு கோடுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். மறுபடியும் வெறும் வட்டம். வலது கையையும் பார்த்தார். பத்து விரலிலும் ரேகையைக் கயிறு தின்றிருந்தது.

"ரேகை இல்லையே தாயி" என்றார் பூமிநாதன், அவள் முகத்தைப் பார்க்காமல். "போன வருசம் கடல்ல வச்சியே, அதுக்கப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கு. கையில விழாதவுக கால்ல வைக்கலாம்னு."

மெஹருன்னிசா சேலையைக் கணுக்காலோடு ஒதுக்கி, இடது காலைத் தூக்கி, அதிகாரியின் மேசைமேல், அவர் கோடு போட்டுக்கொண்டிருந்த தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அறுபது பேரும் தங்கள் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்து, இடது காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்கள்.